மின்சாரம் போவதற்கு ஒன்பது நிமிடம் முன்

அந்த மாரிக்காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் கணினிகள் மூன்று முறை ஒன்றாக நின்றுபோயின. மூன்று முறையும் குற்றம் ஜெனரேட்டரின் மேல் விழுந்தது. ஜெனரேட்டரின் மேல் என்றால், அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் மேல். மூன்றாம் முறைக்குப் பிறகு அது யாருடைய பிழை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்தேன். எழுத வேண்டியது அந்த மூன்று நாளைப் பற்றித்தான். ஆனால் முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும்.

யாழ்ப்பாணத்துக்கு வடக்கே, வலிகாமத்தில் நாற்பது கட்டில்கள் கொண்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கணினி அலுவல் முழுவதும் என் ஒருத்தியின் பொறுப்பு. கொழும்பில் ஏழு வருடம் வேலை செய்துவிட்டு, மகள் பிறந்ததும் சுன்னாகத்துக்குத் திரும்பி வந்தவள் நான். வீட்டில் இருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிடத்தில் வேலைக்குப் போய்விடலாம். அந்த வசதிக்காகவே மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

மருந்தகம், இரத்தப் பரிசோதனை, நோயாளர் பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணினி இருப்பதாகத்தான் ஆஸ்பத்திரியில் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் இருந்தது ஒரே ஒரு சேர்வர். அதற்குள் ஏழு கணினிகள் தனித்தனியாக ஓடுவதுபோல் வைத்திருந்தது ஒரு மென்பொருள். ஹைப்பர்வைசர் என்பது அதன் பெயர். மேலே ஓடும் ஏழில் ஒன்று விழுந்தால் மற்ற ஆறும் ஓடும். ஹைப்பர்வைசர் விழுந்தால் ஏழும் விழும்.

ஐப்பசியில், மழை பிடிப்பதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தனியாகப் போய் அதில் ஒரு மாற்றம் செய்தேன். சேர்வரில் தரவுகளைச் சேமிக்கும் தட்டுகளைக் கட்டுப்படுத்தும் அட்டை ஒன்று உண்டு. அதோடு ஹைப்பர்வைசர் கதைப்பதற்கான சின்ன மென்பொருளை டிரைவர் என்போம். அதன் புதிய பதிப்பைப் போட்டேன். தயாரிப்பாளரின் குறிப்பில் ஒரு வரி இருந்தது: அட்டைக்குள் இருக்கும் மென்பொருளை முதலில் புதுப்பித்த பிறகே இதைப் போடவும். அதற்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். நான்கு மணிக்கு வெளிநோயாளர் வரத் தொடங்குவார்கள். மகளுக்குக் காய்ச்சல் கூடுகிறது என்று கணவர் இரண்டு தரம் கைபேசியில் எடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று அந்த வேலையை விட்டேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது. அடுத்த ஞாயிறு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஓடுகிறதை ஏன் தொடுவான் என்று இருந்துவிட்டேன்.

கார்த்திகை பிறந்ததும் மழை. ஒரு நாளைக்கு நாலைந்து தரம் கரண்ட் போய் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கரண்ட் போனது, ஜெனரேட்டர் பிடித்தது, இரண்டு நிமிடத்தில் ஆஸ்பத்திரித் திரைகள் எல்லாம் அசையாமல் நின்றன. சேர்வர் அறைக்கு ஓடினேன். திரை முழுக்க ஊதா நிறம், அதில் வெள்ளை எழுத்துகள். ஹைப்பர்வைசர் விழும்போது காட்டும் திரை அது.

விழுகிற கணத்தில் அந்த மென்பொருள் ஒரு வேலை செய்யும். நினைவகத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தது, எங்கே முட்டியது என்பதையெல்லாம் அப்படியே ஒரு கோப்பாக எழுதிவைக்கும். கிராஷ் டம்ப் என்று சொல்வோம். பிறகு அதைத் திறந்து, விழுந்ததற்குக் காரணம் தேடலாம். அன்று திரையின் கடைசி வரி, டம்பை எழுத முடியவில்லை, தட்டு பதில் தரவில்லை என்றது. படம் எடுத்துக்கொண்டு இயந்திரத்தைத் திரும்பத் தொடக்கினேன். பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் வந்தன.

தட்டு பதில் தரவில்லை என்ற சொற்களைப் பார்த்ததும் அந்த ஐப்பசி ஞாயிறு எனக்கு நினைவு வந்தது. வந்ததை அப்படியே அமத்திவிட்டேன்.

வெளியே மனேஜர் நின்றார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் இருந்து இளைப்பாறி வந்தவர், கெட்ட மனிதர் இல்லை, ஆனால் எதற்கும் உடனே ஒரு முடிவு சொல்லிவிட வேண்டும் அவருக்கு.

"ஜெனரேட்டர் மாறேக்கை தூக்கி அடிச்சிருக்கும். வேறை என்ன?" என்றார்.

"இடையிலை யூபிஎஸ் இருக்குது சேர்."

"உந்த யூபிஎஸ்ஸுக்கும் வயசு போட்டுது, பிள்ளை."

ஜெனரேட்டர் பார்க்கிற அண்ணை கைகளைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார். தொண்டைமானாற்றுப் பக்கத்து மனிதர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். கப்பல்களில் எஞ்சின் அறையில் பதினாலு வருடம் நின்றவர். "வோல்ற்றேச் ஆடேல்லை சேர். நான் மீற்றரைப் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்" என்றார்.

மனேஜர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அது ஓரளவுக்கு உண்மையும்கூட.

தட்டு செத்துக்கிடக்கும்போது தட்டில் டம்ப் எழுத முடியாது. அதனால் அடுத்த முறை விழுந்தால் வலைப்பின்னல் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பும்படி அமைத்தேன். பாவிக்காமல் அலுமாரியில் கிடந்த ஒரு பழைய மடிகணினியை எடுத்துத் துடைத்து, சேர்வர் அறையில் ஒரு கதிரையின் மேல் வைத்து, வயரைச் செருகினேன். அதன்பிறகு இருந்த வேலை, அடுத்த முறை எப்போது விழும் என்று காத்திருப்பது. விழக்கூடாது என்று நேர்ந்துகொள்ளவும் வேண்டியிருந்தது, விழுந்தால்தான் காரணம் தெரியும் என்றும் இருந்தது. கைபேசி அதிர்ந்தால் மகளின் வாயில் சோறு தீத்துகிற கை அப்படியே நிற்கும்.

எட்டு நாள் கழித்து இரண்டாவது முறை விழுந்தது. நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். பரிசோதனைக்கூடத்துப் பொறுப்பாளர் அக்கா எடுத்தார். "எல்லாம் நிண்டிட்டுது. கெதியா வாங்கோ." காய்களைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு ஓடி வந்தேன். வந்து பார்த்தால் சேர்வர் ஏற்கெனவே திரும்பத் தொடங்கிக்கொண்டிருந்தது.

"நான் அமத்திப் போட்டன். வருகுது பாருங்கோ" என்றார் மனேஜர், பெரிய உதவி செய்தவரைப் போல.

அணைத்துப் போட்டால் நினைவகத்தில் இருந்தது எல்லாம் போய்விடும். எனக்கு அழுகை வரப்பார்த்தது. "இனி நான் வரும்வரைக்கும் ஒருத்தரும் தொடவேண்டாம் சேர். தயவுசெய்து."

"சனம் வரிசையிலை நிக்குது பிள்ளை. நான் என்ன செய்யிறது?"

அன்று காலையிலும் ஜெனரேட்டர் ஓடியிருந்தது. அந்த மாதத்தில் அது ஓடாத நாளே இல்லை என்பதை யாரும் நினைக்கவில்லை. தேத்தண்ணி நேரத்தில் தாதிமார் அண்ணையைப் பார்த்து, "இண்டைக்கும் உங்கடை மெசின்தானாம்" என்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஜெனரேட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்றாவது முறை ஒரு வியாழக்கிழமை. காலை பத்தரை தாண்டியிருந்தது. கரண்ட் போய், ஜெனரேட்டர் பிடித்த சற்று நேரத்தில் திரைகள் உறைந்தன. இந்த முறை நான் இடத்தில் இருந்தேன். ஊதாத் திரையும் வரவில்லை. இயந்திரம் விழாமலே அசைவற்று நின்றது. அப்படி நின்றால் டம்பும் தானாக வராது. சேர்வரின் மேற்பார்வைப் பக்கத்தில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. எதைச் செய்துகொண்டிருந்தாலும் விட்டுவிட்டு உடனே விழு, விழும்போது எல்லாவற்றையும் எழுதிவை என்று இயந்திரத்துக்குச் சொல்லும் பொத்தான். கொழும்பில் இருந்தபோது சோதனை இயந்திரங்களில் அமத்தியிருக்கிறேன். நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் அமத்தியது இல்லை.

அமத்தினேன். ஊதாத் திரை வந்தது. டம்ப் அனுப்பப்படுகிறது, நூற்றுக்கு ஒரு வீதம் என்றது. மடிகணினியின் விளக்கு மினுங்கத் தொடங்கியது.

அந்தப் பழைய மடிகணினிக்கு வேகம் போதாது. நாலு வீதம். ஏழு வீதம். மனேஜர் வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏன் இன்னும் வரேல்லை?"

"எழுதிக்கொண்டிருக்குது சேர். கொஞ்சம் பொறுக்கோணும்."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிசம் வரும்."

"இருபது நிமிசமோ? அமத்தினால் உடனை வருமெல்லோ?"

"வரும். ஆனால் ஏன் விழுந்தது எண்டு இனியும் தெரியாமல் போகும். திரும்ப விழும் சேர்."

நான் கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவரைத் தடுக்கிறேன் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் பரிசோதனைக்கூடத்து அக்கா வந்தார். டெங்குக் காய்ச்சலில் ஒரு பெண் இரண்டாவது இரத்தப் பரிசோதனைக்கு வந்திருக்கிறாள், இன்றைய பிளேற்லெற் எண்ணிக்கையைக் கையால் எழுதிக் கொடுத்துவிட்டேன், ஆனால் டொக்டர் நேற்றையது எவ்வளவு என்று கேட்கிறார் என்றார். நேற்றையது அந்த ஊதாத் திரைக்குப் பின்னால் இருந்தது. கூடி வருகிறதா குறைந்து வருகிறதா என்று தெரிந்தால்தான் அவளை வீட்டுக்கு விடுவதா, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கலாம்.

முப்பத்தொரு வீதம்.

மனேஜர் என்னைப் பார்த்தார். ஒரு பெண்ணின் உயிரோடு விளையாடுகிறேனா என்று நான் என்னைக் கேட்டேன். இப்போதே அணைத்துத் தொடக்கினாலும் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதைவிடப் பொறுத்தால் என்ன என்று கணக்குப் பார்த்தேன், மனம் அந்தக் கணக்கில் நிற்கவில்லை. "அவவின்ரை ஃபோனுக்கு நேற்று மெசேஜ் போயிருக்கும் அக்கா. ரிசல்ற் எல்லாருக்கும் போறதுதானே. கேட்டுப் பாருங்கோ" என்றேன். அக்கா ஓடினார். திரும்பி வரும்வரை நான் வீதத்தைப் பார்க்கவில்லை, நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெண்ணின் கணவரின் கைபேசியில் அந்தச் செய்தி இருந்தது. நேற்றையதைவிட இன்றையது கூடியிருந்தது. அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

நூறு வீதம் ஆனதும் தொடக்கினேன். மனேஜர் அதுவரை போகவில்லை. போகும்போது, "இண்டைக்கும் ஜெனரேட்டர் வந்தவுடனைதான் பிள்ளை. நான் ஒரு முடிவெடுக்கப் போறன்" என்றார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை காலை என் மேசையில் டம்பைத் திறந்தேன். முதலில் பார்ப்பது, சேர்வரின் கணிப்புச் சில்லுவில் உள்ள பதினாறு மையங்களும் விழுந்த கணத்தில் என்ன செய்துகொண்டிருந்தன என்பதை. பதினைந்து மையங்கள் ஒரு மென்பொருள் பூட்டுத் திறக்கும் என்று காத்து நின்றன. ஒன்று மட்டும் அந்தப் பூட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அது சுற்றிய இடத்தின் பெயரை வாசித்தேன். ஐப்பசியில் நான் போட்ட டிரைவரின் பெயர்.

உடனே நம்பவில்லை. நம்ப விருப்பமில்லை. மின்சாரம் அடித்து அட்டை குழம்பியிருக்கலாம், அதனால் டிரைவர் சுற்றியிருக்கலாம். அப்படியென்றால் குற்றம் கரண்டில்தான். அதைத் தீர்க்க ஒரே வழி நேரம். சேர்வர் தன் பதிவுகளை வழக்கமாகத் தட்டில் எழுதும். தட்டு நின்ற பிறகு நடந்தவை தட்டுக்குப் போகவில்லை, நினைவகத்தில் மட்டும் இருந்தன. டம்புக்குள் இருந்து அந்தக் கடைசிப் பதிவுகளைப் பிரித்தெடுத்தேன். முதல் வரி: அட்டை பதில் தரவில்லை, மீளத் தொடக்குகிறேன். நேரம் 04:52. அதன்பின் அதே வரி திரும்பத் திரும்ப.

ஹைப்பர்வைசரின் நேரம் உலகப் பொது நேரம். ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். பத்து இருபத்திரண்டு. இனி, கரண்ட் எப்போது போனது?

அண்ணை ஜெனரேட்டர் அறையில் ஒரு கொப்பி வைத்திருந்தார். கரண்ட் போன நேரம், மெசின் பிடித்த நேரம், வந்த நேரம், டீசல் மட்டம் எல்லாம் பென்சிலால் எழுதுவார். யாரும் எழுதச் சொன்னதில்லை, கப்பலில் பழகியது. நான் போய்க் கேட்டேன். எடுத்துத் தந்தார். வியாழக்கிழமை: கரண்ட் போனது 10.33.

பதினொரு நிமிடம். தட்டு அட்டை முதலில் விழுந்திருக்கிறது, கரண்ட் பிறகுதான் போயிருக்கிறது. மழை நாளில் கரண்ட் எப்படியும் போகும், எந்த நேரம் எது விழுந்தாலும் பக்கத்தில் ஒரு கரண்ட் வெட்டு இருந்திருக்கும்.

அப்போதும் எனக்கு ஒரு ஆசை இருந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அவருடைய மணிக்கூடு பன்னிரண்டு நிமிடம் முந்தி ஓடினால் நான் தப்பினேன்.

"அண்ணை, நேரத்தை எதிலை பாத்து எழுதுறனீங்கள்?"

"இதிலைதான் தங்கச்சி." மணிக்கட்டைக் காட்டினார்.

"ஒருக்காப் பாக்கலாமோ?"

கழற்றியே தந்துவிட்டார். என் கைபேசிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். கைபேசியும் சேர்வரும் ஒரே நேரம் என்று வரும் முன்னமே பார்த்திருந்தேன். மணிக்கூடு இரண்டே இரண்டு நிமிடம் முந்தி ஓடியது.

"ரெண்டு நிமிசம் கூட்டித்தான் வைக்கிறனான். பஸ்ஸைப் பிடிக்கோணுமெல்லே" என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "உந்தக் கொப்பி ஏதும் உதவுமோ தங்கச்சி?" என்று கேட்டார்.

"பாப்பம் அண்ணை" என்றேன்.

மேசைக்கு வந்து தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலைத் திறந்தேன். அட்டையின் பழைய மென்பொருளோடு இந்தப் புதிய டிரைவரைப் பாவித்தால் அட்டை பதில் தராமல் போகக்கூடும் என்று அதிலேயே எழுதியிருந்தது. பரிசோதனைக்கூடத்துக்குப் போய், நேற்றுக் கரண்ட் போவதற்கு முன் கணினி எப்படி இருந்தது என்று அக்காவிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "அதுக்கு முன்னமே இழுத்துக்கொண்டெல்லோ நிண்டது. ஒரு ரிப்போட் திறக்க எவ்வளவு நேரம் எடுத்தது" என்றார். இதற்குமேல் தேட ஒன்றுமில்லை. அறிக்கையை எழுதினேன். மின்சாரம் போவதற்கு ஒன்பது நிமிடம் முன் கோளாறு தொடங்கியது, காரணம் ஐப்பசியில் போடப்பட்ட டிரைவர். போட்டது யார் என்ற இடத்தில் நின்றேன். அந்த வரியை முடிக்காமல் சேமித்து மூடினேன்.

பின்னேரம் நாலு மணிக்கு மனேஜர் அண்ணையைக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்து பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை. அண்ணை ஒரு தரம் எதையோ சொல்லக் கையைத் தூக்கினார், பிறகு இறக்கிவிட்டார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார். ஜெனரேட்டரை ஒரு கொம்பனியிடம் ஒப்படைக்கப் போகிறார்களாம், நாளையில் இருந்து வரவேண்டாமாம். ஜெனரேட்டர் அறைத் திறப்புகளை வரவேற்பு மேசையில் வைத்தார். என்னிடம் வந்து கொப்பியை நீட்டினார்.

"இது உங்களிட்டை இருக்கட்டும் தங்கச்சி. நீங்கள் தேடிக்கொண்டிருக்கிறீங்கள். தேவைப்படும்."

அந்த நேரம் சொல்லியிருக்க வேண்டும். மனேஜரின் அறை பத்து அடி தூரத்தில் இருந்தது. "ஓம் அண்ணை" என்று வாங்கிக்கொண்டேன். அவர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு மழைக்குள் பஸ்ஸுக்குப் போனார்.

அன்றும் சனிக்கிழமையும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் வேலை போன பிறகு நடக்கப்போவது எல்லாம் வரிசையாக வந்தது. யாழ்ப்பாணத்தில் இந்த வேலைக்கு இடம் எத்தனை இருக்கிறது? மூன்று முறை ஆஸ்பத்திரியை நிறுத்தியவள் என்ற பெயரோடு யார் எடுப்பார்கள்? கணவர் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டார். ஞாயிறு காலைதான் அவரிடம் சொன்னேன்.

"பழையதைத் திருப்பிப் போட்டால் சரிவருமோ?" என்றார்.

"ஓம். இனி விழாது."

"அப்ப போய்ப் போட்டிட்டு வா. பிறகு பாப்பம்." அவருக்கும் பயம் என்று குரலில் தெரிந்தது.

போனேன். ஞாயிறு மத்தியானம், வெளிநோயாளர் பகுதி பூட்டியிருந்தது. புதிய டிரைவரைக் கழற்றிப் பழையதைப் போட்டு இயந்திரத்தைத் தொடக்கினேன். அது எழும்பி வர எடுக்கும் பன்னிரண்டு நிமிடமும் கதிரையில் இருந்த மடிகணினியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இனி இந்தச் சேர்வர் விழாது. கார்த்திகை முழுவதும் விழுந்துகொண்டிருந்தது, அண்ணை வேலையை விட்டுப் போன கிழமையோடு நின்றுவிடும். மனேஜர் சொன்னது சரியென்று ஆஸ்பத்திரி முழுக்க நம்பும். தாதிமார் சொல்லிச் சிரிப்பார்கள். நான் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த மனிதருக்கு எதிராகச் சாட்சி ஒன்றை என் கையாலே செய்து முடித்திருந்தேன்.

அங்கேயே இருந்து அறிக்கையின் அந்த வரியை எழுதினேன். போட்டது நான். முன்நிபந்தனையைச் செய்யாமல் விட்டதும் நான்.

திங்கட்கிழமை காலை மனேஜர் வந்து கதிரையில் இருக்கும் முன்பே அதை அவருடைய மேசையில் வைத்தேன். வாசித்தார். திரும்ப முதலில் இருந்து வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்ப கண்டுபிடிச்சனீங்கள்?"

"வெள்ளிக்கிழமை காலமை சேர்."

"நான் அவரைக் கூப்பிட்டது பின்னேரம்."

"ஓம் சேர்."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"பயந்தனான்."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் அவசரப்பட்டிட்டன்" என்றார் கடைசியில். "அவர் சொல்லச் சொல்லக் கேக்கேல்லை." பிறகு தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். "உங்கடை விசயத்தை நான் மேலை கதைக்கோணும். அது பேந்து. முதல் நீங்கள் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஃபோனிலை வேண்டாம். நேரிலை போய்ச் சொல்லுங்கோ."

அச்சுவேலி தாண்டி ஸ்கூட்டியை ஓட்டியபோது இரண்டு தரம் நிறுத்தினேன். ஒரு தரம் மழைக் கோட்டைச் சரிசெய்ய. மற்றத் தரம் காரணமில்லாமல். அண்ணையின் வீடு கடற்கரைக்குக் கிட்ட, விசாரித்துப் போனேன். அவருடைய மனைவி உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார். அண்ணை பழைய தண்ணிப் பம்பு ஒன்றைக் கழற்றிச் சாமான்களைச் சாக்கில் பரப்பி வைத்துக்கொண்டிருந்தார். அயலவருடையதாம்.

நின்றபடியே சொன்னேன். டிரைவர், அட்டை என்று எதையும் விளக்கவில்லை. நான் செய்த பிழையால்தான் விழுந்தது, உங்கள் மெசினில் ஒன்றுமில்லை, அதற்கு எழுத்தில் அத்தாட்சி இருக்கிறது, மனேஜர் வரச்சொன்னார் என்றேன்.

அவர் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"எப்ப தெரியும் தங்கச்சி உங்களுக்கு?"

எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். "வெள்ளிக்கிழமை."

"மணிக்கூட்டை வாங்கிப் பாக்கேக்கையோ?"

"ஓம் அண்ணை. பாத்தவுடனை தெரியும்."

மனைவி தேத்தண்ணியோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் நினைச்சன், எனக்காகப் பாக்கிறீங்கள் எண்டு" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் தேத்தண்ணியைக் குடிக்கச் சொன்னார். குடித்து முடியும்வரை பம்பின் சாமான்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"வாறன். ஆனால் ஒரு கடிதம் வேணும். உங்கை எல்லாருக்கும் கதை போட்டுது, நான் மெசினைக் கவனிக்காமல் கெடுத்தனான் எண்டு. பஸ்ஸிலை கேக்கினம். மெசினிலையும் பிழையில்லை, என்னிலையும் பிழையில்லை எண்டு எழுதி, கையெழுத்து வைச்சுத் தரட்டும்."

கடிதத்தை நானே கணினியில் தட்டினேன். தொழில்நுட்பக் கோளாறு என்று மட்டும் போட்டால் போதாதா என்று மனேஜர் கேட்டார். போதாது சேர் என்றேன். கணினிப் பிரிவில் செய்யப்பட்ட மாற்றத்தால் ஏற்பட்ட கோளாறு என்று போட்டோம். புதன்கிழமை அண்ணை வந்தார். வரவேற்பு மேசைக்கு முன்னால், தாதிமார் பார்த்துக்கொண்டு நிற்க, கடிதத்தை ஆறுதலாக, ஒவ்வொரு வரியாக வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். டீசல் மட்டம் பார்க்கப் போனார்.

அவர் என்னோடு கதைக்காமல் விடவில்லை. வேலைக்கு வேண்டியது எல்லாம் கதைப்பார். ஆனால் அன்றில் இருந்து என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார். அதை மாற்றச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என் வேலை போகவில்லை. மேலிடத்தில் இருந்து ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதோடு, இனி எந்த மாற்றமும் எழுதி, இரண்டாவது ஆள் ஒருவர் வாசித்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் என்று ஒரு ஒழுங்கும் வந்தது. அந்த ஒழுங்கு எனக்கு நிம்மதியாக இருந்தது.

தைப்பொங்கல் முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அட்டையின் மென்பொருளைப் புதுப்பித்தேன். காலை எட்டில் இருந்து எல்லாம் நிற்கும் என்று ஒரு கிழமைக்கு முன்பே எல்லாப் பிரிவுக்கும் அறிவித்தல் ஒட்டினேன். இரண்டு மணித்தியாலம் என்று போட்டிருந்தேன். மூன்றரை எடுத்தது. மனேஜர் மூன்று தரம் எடுத்தார். ஒவ்வொரு தரமும், இன்னும் முடியவில்லை சேர், முடிந்ததும் சொல்கிறேன் என்று சொன்னேன். பதினொன்றரைக்கு ஏழு கணினிகளும் ஒவ்வொன்றாக எழும்பின. ஒவ்வொன்றுக்குள்ளும் போய் ஒரு பதிவைத் திறந்து, மூடிப் பார்த்தேன். பிறகு வீட்டுக்குப் போய், சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் படுத்தேன்.